பாலாற்றங்கரையில் ஒரு பொன்முட்டை வாத்து: ஸ்டீபன் கவியை எப்படிப் படிப்பது?

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தேன். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே தலைமைப் பண்புப் பயிற்சி நடக்கும். கேன்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போடுவோம். மத்தியானச் சாம்பார் வாசனை அடங்குவதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் போட்டார். வெளி வட்டம் நாம் கவலைப்படும் விஷயங்கள், உள் வட்டம் நம்மால் மாற்ற முடிந்த விஷயங்கள். உள் வட்டத்திலேயே கவனம் வையுங்கள் என்றார்.

தையல் பிரிவின் மூத்த சூப்பர்வைசர் எழுந்தார். பதினெட்டு வருடம் அந்த மெஷின்களோடு இருந்தவர். மேலாளர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் அக்காதான். “சார், கம்பெனி பஸ் தாமதமாக வந்தால் எங்கள் பெண்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். அது எந்த வட்டத்தில் வரும்?” என்று கேட்டார். “பஸ் உங்கள் கையில் இல்லையம்மா, உங்கள் மனநிலை உங்கள் கையில் இருக்கிறது” என்று பதில் வந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

அந்த வட்டங்களை முதலில் வரைந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கவி. அக்காவுக்குக் கிடைத்த பதில் அவர் எழுதியதற்கு நேர் எதிரானது என்பது என் உறுதியான எண்ணம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கல்லூரி விழாவிலிருந்து தொழிற்சாலைப் பயிற்சி வரை எங்கு போனாலும் இவருடைய ஏழு பழக்கங்கள் காதில் விழுகின்றன. அவற்றைச் சொல்லும் புத்தகம் தமிழிலும் வந்திருக்கிறது. ஆனால் மேடையில் கேட்கிற கவி வேறு, புத்தகத்தில் இருக்கிற கவி வேறு.

கவி 1932-இல் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் விளையாட்டில் கெட்டிக்காரர். தொடை எலும்பின் மூட்டுப் பகுதியில் வந்த நோய் அவரை ஊன்றுகோலில் நிறுத்தியது. மைதானம் போனபின் படிப்பிலும் பேச்சுப் போட்டியிலும் இறங்கினார். யூட்டா பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார், ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தார். மார்மன் என்ற அமெரிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதால் இளமையில் இங்கிலாந்தில் ஊழியம் செய்யப் போனார். அங்கே உள்ளூர்ச் சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. குடும்பத்துக்கு ஓட்டல் தொழில் இருந்தும் அதற்குத் திரும்பாமல் ஆசிரியராக வேண்டும் என்று அவர் தீர்மானித்தது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1976-இல் அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை. அவருடைய சிந்தனைக்கு வேர் அதில்தான் இருக்கிறது. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776 முதல் அங்கே வெளிவந்த ‘வெற்றி பெறுவது எப்படி’ வகைப் புத்தகங்களையும் கட்டுரைகளையும் அவர் வரிசையாகப் படித்தார். முதல் நூற்றைம்பது ஆண்டு எழுத்துகள் நேர்மை, பொறுமை, அடக்கம், உழைப்பு என்று குணத்தைப் பற்றிப் பேசின. முதல் உலகப் போருக்குச் சற்றுப் பின்னால் அந்தப் பேச்சு மாறிவிட்டது. எப்படிச் சிரிப்பது, எப்படிக் கைகுலுக்குவது, எதிரில் இருப்பவரை எப்படி வசப்படுத்துவது என்று உத்திகள் வந்து உட்கார்ந்துகொண்டன. முதல் வகையைக் குணநெறி என்றும் இரண்டாவதை ஆளுமைநெறி என்றும் அவர் பிரித்தார். உத்திகள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அடியில் குணம் இல்லாமல் மேலே உத்தியைப் பூசினால் நாளடைவில் வெளுத்துவிடும் என்றார். 1989-இல் வெளிவந்த ‘அதிக ஆற்றல் வாய்ந்த மனிதர்களின் 7 பழக்கங்கள்’ இந்த வாதத்தின் மேல் எழுந்த கட்டடம்.

அதே 1989-இல்தான் நம்முடைய பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குக் கவியின் ஒரு கருத்தை விளக்கவே தேவையில்லை. பள்ளியில் பரீட்சைக்கு முந்தின இரவு விழுந்து விழுந்து படித்துத் தேறிவிடலாம், நிலத்தில் அப்படிச் செய்ய முடியுமா என்று அவர் கேட்கிறார். விதைக்கும் பருவத்தில் விதைக்க மறந்து, கோடை முழுக்க விளையாடிவிட்டு, அறுவடைக் காலத்தில் ஓடி ஓடி உழைத்தால் என்ன விளையும்? ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். மானாவாரி நிலத்தில் நிலக்கடலை போட்டவர்களுக்குத் தெரியும்: பட்டம் தவறினால் ஆவணியில் எத்தனை உரம் கொட்டினாலும் பிடி கடலைதான். நம்பிக்கையும் மனித உறவும் இப்படிப் பருவம் பார்த்து விளைகிறவை என்பதுதான் கவியின் அடிப்படைக் கருத்து. ஒரு நாள் பயிற்சியில் தலைவர்களை உருவாக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்து, அந்த வகுப்பில் இவர் படத்தையே காட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏழு பழக்கங்களில் முதல் மூன்று தன்னைத் தானே ஆள்வது பற்றியவை: தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்துகொண்டு கிளம்புவது, முக்கியமானதை முதலில் செய்வது. அடுத்த மூன்று பிறரோடு சேர்ந்து வாழ்வது பற்றியவை: இருவருக்கும் நன்மை தரும் முடிவைத் தேடுவது, முதலில் புரிந்துகொண்டு பிறகு புரியவைப்பது, சேர்ந்து உழைத்துத் தனித்தனியாகச் செய்வதைவிடப் பெரிதாக ஒன்றை உண்டாக்குவது. ஏழாவது, அறுக்கிற ரம்பத்தை அவ்வப்போது தீட்டிக்கொள்வது. உடல், அறிவு, மனம், உறவு நான்குக்கும் ஓய்வும் ஊட்டமும் கொடுப்பது.

பட்டியல் இவ்வளவுதான். பட்டியலுக்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடுகிற வாத்துக் கதையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பொன்முட்டையிடும் வாத்தை அறுத்த விவசாயியின் கதை நம் எல்லாருக்கும் மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். பேராசை கூடாது என்பதோடு அதை நாம் முடித்துக்கொள்வோம். கவி அங்கிருந்துதான் தொடங்குகிறார். முட்டை விளைச்சல், வாத்து விளைவிக்கும் திறன். ஆற்றல் என்பது இரண்டுக்கும் நடுவே உள்ள சமநிலை என்று வரையறுக்கிறார். முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தால் வாத்து செத்துவிடும். வாத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே முட்டையை எடுக்காமல் இருந்தால் முட்டையும் இருக்காது, தீனி வாங்கக் காசும் இருக்காது.

எங்கள் தையல் பிரிவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சரக்குக் கன்டெய்னர் கிளம்பும் வாரத்தில் மெஷினுக்கு எண்ணெய் விட நேரம் கொடுக்க மாட்டார்கள். மழுங்கிய ஊசி தோலைக் குத்தும்போது டக் டக் என்று கேட்க வேண்டிய சத்தம் கரகரவென்று மாறும். அக்கா இரண்டு வரிசை தள்ளி நின்றாலும் அந்தச் சத்தத்தில் திரும்பிவிடுவார். ஊசி மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை மாற்றாமல் ஓட்டி, தையல் விட்டுப்போன மேல்பாகங்களைப் பிரித்து மறுபடி தைத்து ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்த நாட்கள் எத்தனையோ. மெஷினுக்கே இப்படி என்றால், அதன் முன்னால் கழுத்தைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற இருபது வயதுப் பெண்ணின் முதுகையும் கண்ணையும் பற்றி என்ன சொல்வது?

வேலூருக்காரர்களுக்கு வாத்தை வளர்த்த கதையும் ஒன்று உண்டு. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் திரும்பி வந்து, இன்றைய வேலூர் சி.எம்.சி.யை ஒற்றைக் கட்டில் மருத்துவமனையாகத் தொடங்கினார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியதும், ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்பதால் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களும் இறந்ததும், அந்த இரவே அவரை மருத்துவராக்கியது என்பதும் இங்கே பலரும் அறிந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. வாசலில் நோயாளிகள் குவிந்து கிடக்கும்போது ஒரு மருத்துவர் என்ன செய்வார்? இன்னும் நான்கு பேரைப் பார்ப்பார். ஐடாவும் பார்த்தார். அதோடு செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்றார்களாம். முதல் ஆண்டிலேயே 151 பேர் விண்ணப்பித்தார்கள். அவசர வேலை கழுத்தைப் பிடிக்கும்போதும் அவசரமில்லாத, ஆனால் முக்கியமான வேலைக்கு நேரம் ஒதுக்குவதுதான் கவியின் மூன்றாவது பழக்கம். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. கவி பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே அது வேலூரில் நடந்துவிட்டது.

வட்டங்களுக்கு வருவோம். முதல் பழக்கத்துக்குக் கவி துணைக்கு அழைப்பது விக்டர் ஃபிராங்கலை. நாஜி வதைமுகாம்களில் பெற்றோரையும் அண்ணனையும் மனைவியையும் பறிகொடுத்த வியன்னா மனநல மருத்துவர் அவர். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாலும், நேர்ந்ததை எப்படி எதிர்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிடுங்க முடியாது என்று அவர் கண்டார். கவி இதை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போகிறார். உள் வட்டத்தில் உழைக்க உழைக்க அந்த வட்டம் பெரிதாகும் என்கிறார். நேற்று கவலை வட்டத்தில் கிடந்தது இன்று கைக்கு எட்டும் தூரத்துக்கு வரும். வட்டம் விரியும் என்ற இந்தப் பாதியைத்தான் பயிற்சிக் கூடங்கள் கத்தரித்துவிடுகின்றன. மீதிப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, உன் கையில் இல்லாததைப் பற்றிப் பேசாதே என்று தொழிலாளிக்குப் பாடம் நடத்துகின்றன. பொறுப்பேற்கச் சொன்ன மனிதரை வாயடைக்கப் பயன்படுத்துவது அநியாயம்.

அக்கா கவியைப் படித்ததில்லை. பயிற்சி முடிந்த மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். மூன்று தடத்துப் பஸ்களும் கேட்டுக்குள் நுழைந்த நேரத்தைத் தினமும் எழுதினார். எந்த ஊரில் எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை பேருக்குச் சம்பளம் பிடித்தார்கள், அன்று தையல் வரிசையில் எத்தனை ஜோடி குறைந்தது எல்லாம் அதில் இருந்தது. ஒரு மாதம் கழித்து நோட்டை மேலாளர் மேசையில் வைத்து, “தம்பி, நஷ்டம் எங்களுக்கு மட்டும் இல்லை, பாருங்கள்” என்றார். கிராமப்புறத் தடம் ஒன்றின் பஸ் காலையில் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பத் தொடங்கியது. மற்ற இரண்டும் பழையபடியே இருந்தன. பிடித்த சம்பளம் திரும்பவில்லை. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். சம்பளப் பட்டியலில் அந்த அரை நாட்களைக் கழித்துப் போட்டவன் நான். எனக்கு அப்படி ஒரு நோட்டுப் போடத் தோன்றவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

ஐந்தாவது பழக்கமான ‘முதலில் புரிந்துகொள்’ என்பதைப் படிக்கும்போது, புத்தகத்தின் முற்பகுதியில் கவி சொல்லும் ஒரு ரயில் அனுபவம்தான் எனக்கு நினைவுக்கு வரும். நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவரின் பிள்ளைகள் கத்திக் கூச்சலிட்டு எல்லாரையும் தொல்லைப்படுத்துகிறார்கள்; தகப்பன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். பொறுக்க முடியாமல் கவி கேட்டபோது, பிள்ளைகளின் தாய் ஒரு மணி நேரத்துக்கு முன்தான் மருத்துவமனையில் இறந்தாள் என்கிறார். எரிச்சல் அந்த நொடியே இரக்கமாகிவிடுகிறது. பார்வை மாறினால் நடத்தை தானாக மாறும் என்று காட்ட அவர் சொன்ன கதை இது.

வேலூரில் இதற்குக் கோட்டையே சாட்சி. ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படைத் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் புதிய உடை விதிகள் சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடுவதையும் கடுக்கன் அணிவதையும் தடுத்தன. தாடியை மழிக்கச் சொன்னன. தோல் பதக்கம் வைத்த புதிய தலைப்பாகை மதம் மாற்றுவதற்கான ஏற்பாடு என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். 1806 மே மாதமே வேலூர்ப் படைப்பிரிவு ஒன்று அதை அணிய மறுத்தது. மறுத்தவர்களுக்குக் கிடைத்தது தண்டனை. ஜூன் மாதம் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டி அடைத்துவைத்தார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினரும், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்த பிறகு பல நூறு சிப்பாய்களும் மாண்டார்கள். கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்நிய ஆட்சியின் கொடுமையையும் கோட்டைக்குள் சிறையிருந்த திப்புவின் குடும்பத்தையும் விட்டுவிட்டு, இதைக் காதுகொடுக்கத் தெரியாத தலைமையின் கதையாக மட்டும் சுருக்கிவிட மாட்டேன். ஆனால் வந்து சொன்னவனைப் பைத்தியம் என்று அடைத்த அந்தச் செயல் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது. அக்கா கேட்ட கேள்விக்குப் பயிற்சியாளர் சொன்ன பதிலிலும் அதன் சாயல் இருந்தது.

கவியோடு எனக்கு முரண்பாடும் உண்டு. அவர் சொல்லும் கோட்பாடுகள் புவியீர்ப்பைப் போல எல்லா மனிதருக்கும் பொதுவான இயற்கை விதிகள் என்கிறார். அவற்றின் பின்னால் அவருடைய மார்மன் சமய நம்பிக்கை இருக்கிறது என்று விமர்சகர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. திருக்குறளை ஒப்புக்கொள்ள அதை எழுதியவரின் சமயத்தை நாம் கேட்பதில்லை. உண்மையான இடறல் நான்காவது பழக்கத்தில் இருக்கிறது. இருவருக்கும் வெற்றி என்பது ஏறக்குறைய சமமான இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் நடக்கும். ஒப்பந்தத் தொழிலாளியும் முதலாளியும் உட்கார்ந்தால்? உடன்பாடு வராவிட்டால் மனக்கசப்பில்லாமல் விலகிவிடலாம் என்று கவி ஒரு வழி சொல்கிறார். மாதக் கடைசியில் சுய உதவிக் குழுத் தவணை கட்ட வேண்டியவளுக்கு விலகுவது என்பது ஒரு வழியே இல்லை. தனிமனிதனை மாற்றுவதில் அவருக்கு இருக்கும் தெளிவு, சட்டமும் சங்கமும் வேண்டிய இடத்தில் இல்லை.

இதற்கிடையே அவருடைய பெயர் ஒரு பெரிய தொழிலாகிவிட்டது. புத்தகம் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1997-இல் அவருடைய பயிற்சி மையமும் நாட்குறிப்பேடுகள் விற்ற ஃபிராங்க்ளின் குவெஸ்ட் நிறுவனமும் இணைந்து ஃபிராங்க்ளின்கவி ஆனது. 2004-இல் எட்டாவது பழக்கம் என்று இன்னொரு புத்தகம் எழுதினார். 2012 ஏப்ரலில் சைக்கிளில் மலைச்சரிவில் இறங்கும்போது விழுந்து தலையில் அடிபட்டது. ஜூலை 16 அன்று, 79-ஆம் வயதில் இறந்தார்.

அவருடைய வாத்தையும் வட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் நான் பாலாற்றுக்குத்தான் போவேன். தோல் பதனிட நல்ல தண்ணீர் வேண்டும். பாலாற்றுப் படுகை அதைத் தந்ததால்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் இந்தத் தொழில் வேர்விட்டது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் காலணிகளையும் ஊக்குவித்தது. பட்டைக்குப் பதிலாகப் பதனிடக் குரோமியம் உப்பு பெருமளவில் வந்தது. முட்டை கூடியது. கழிவுநீர் கால்வாயிலும் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, தோல் தொழில் மண்டலத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்ற ஆய்வைச் சுட்டிக்காட்டியது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழில் என்றாலும் சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்றது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற விதி இந்திய நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்று நாடு முழுக்க அந்த வழக்கை வேலூரின் பெயரால் படிக்கிறார்கள். ஆறு யாருடைய தனிப்பட்ட வட்டத்துக்குள்ளும் அடங்காது. பலர் சேர்ந்தபோது வட்டம் டெல்லி வரை விரிந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காக இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று உத்தரவிட வேண்டியிருந்தது என்பது, முப்பது ஆண்டுகளில் வேலை முடியவில்லை என்று காட்டுகிறது.

அக்காவின் ஊர் ஆற்றங்கரைக் கிராமம். அவருடைய அம்மா வீட்டுக் கொல்லையில் கல் கட்டிய கிணறு இருக்கிறது. அதில் பாத்திரம் கழுவுவதோடு சரி. குடிக்கக் கேன் தண்ணீர். போன பொங்கலுக்குப் பார்க்கப் போயிருந்தபோது அதே நோட்டு ஜன்னல் மேல் இருந்தது. பஸ் கணக்கு பாதியோடு நின்றிருந்தது. பின்பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்திருந்தார்: கேன் ஒன்றுக்கு எவ்வளவு, தெருவில் எத்தனை வீடு, மாதத்துக்கு எத்தனை கேன். அடுத்த கிராம சபைக் கூட்டம் எப்போது என்று என்னிடம் கேட்டார். ஜனவரி 26 என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.